தானாக வந்தவள்

எட்டாத மக்களை எட்டிப் பிடிப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட அந்த ஆய்வு மையத்துக்கு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, இரண்டு பஸ் மாறி, எட்டாத மக்களில் ஒருத்தி தானாகவே வந்து சேர்ந்தாள். மையம் தொடங்கிய ஆறு வருடத்தில் இப்படி ஓர் அசம்பாவிதம் நடந்ததில்லை.

காவலாளி முக்காலியை விட்டு எழுந்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"ரத்த ரிசல்ட் வாங்கணும்."

"இங்க யாரும் வர்றதில்லையேம்மா. இங்கேருந்துதான் போவாங்க."

"நான் வந்துட்டேனே."

"அதைத்தான் பார்க்கிறேன்" என்று அவர் வருகைப் பதிவேட்டைத் தேடப் போனார். பதிவேடு இருந்தது. அதற்குள் ஆறு வருடமாக அழுத்தி வைத்திருந்த ஒரு அரச இலை இருந்தது. வேறு எழுத்து எதுவும் இல்லை.

வந்தவளைச் சட்டைக் கம்பெனியில் பிசிறு என்று கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டையில் துருத்திக்கொண்டு நிற்கும் நூல்முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டுவது அவள் வேலை. நாளொன்றுக்கு எழுநூறு சட்டை. ஒரு நூல் தப்பினாலும் மேஸ்திரி பெயர் சொல்லிக் கத்தமாட்டார், "பிசிறு!" என்றுதான் கத்துவார். அது வேலையின் பெயரா, அவள் பெயரா என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவள் எதற்காக வந்தாள் என்பதை முறைப்படி சொல்லிவிட வேண்டும். போன வருடம் அவளுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. இப்போது மறுபடியும் நாலரை மாதம். பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறையில் இருந்த மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பயப்படாதே. எனக்கு ஒரு சந்தேகம். சிபிலிஸ்னு ஒண்ணு இருக்கு, மேகநோய்னு சொல்வாங்க. வெளியில ஒண்ணுமே தெரியாது. உள்ள இருக்கிற பிள்ளையைத்தான் தின்னும். ரத்தத்துல பார்த்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். இருந்தா ஊசி. மருந்து பிரிட்ஜ்லயே இருக்கு."

"அப்போ பார்த்துடுங்கக்கா."

"ரத்தம் பார்க்கிற அட்டைதான் இல்லை. எல்லா அட்டையையும் ஆய்வு மையம் வாங்கிட்டுப் போயிடுச்சு."

"எதுக்குக்கா?"

"ஆஸ்பத்திரியில எல்லாம் ஏன் அட்டை இல்லைன்னு ஆராய்ச்சி பண்றாங்க."

பிசிறு சற்று யோசித்தாள். "அட்டையில பார்க்காமலே ஊசி போட்டுடுங்களேன்."

"ஒவ்வொரு புட்டிக்கும் பதிவேட்டுல ஒரு ரிசல்ட் காகிதம் ஒட்டணும், முத்திரையோட. ஒட்டலைன்னா அடுத்த மாசம் புட்டியே வராது. நீ மையத்துல ரத்தம் கொடுத்துட்டுக் காகிதத்தை வாங்கிட்டு வா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. பிரசவத்துக்கு முப்பது நாள் முன்னாடியாவது ஊசி உள்ள போயிருக்கணும். அதுக்கப்புறம் போட்டா உனக்கு நல்லது. பிள்ளைக்கு நான் வாக்கு கொடுக்க முடியாது."

முப்பது என்ற எண்ணை பிசிறு அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே மையத்தின் ஜீப் அவள் சந்துக்கு வந்தது. வேறு பதினோரு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. பிசிறு மட்டும் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். தார்ப்பாய் மறைப்புக்குள் உட்காரவைத்து ஒரு பெண் அதிகாரி தொண்ணூற்று நான்கு கேள்வி கேட்டாள். பதினேழாவது கேள்விக்குப் பிசிறு காது சிவந்தாள். நாற்பதாவது கேள்விக்கு அதிகாரியே காது சிவந்தாள்.

"வீட்டுக்காரர் என்ன வேலை?"

"லாரி ஓட்டறார். மாசத்துல இருபது நாள் ரோட்டுல."

கேள்வி மேடத்தின் முகம் மலர்ந்தது. "அப்போ அவர் பாலம்!"

"என்னது?"

"நோய் ஒரு கூட்டத்துலேருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போற பாலம். எங்க பாஷையில அப்படிச் சொல்வோம்."

"அப்போ நான்?"

மேடம் படிவத்தைப் பார்த்தாள். "நீங்க இக்கரை."

ரத்தம் எடுத்தார்கள். பெயர் இல்லாத, 417 என்று மட்டும் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். ரகசியம் காப்பதில் மையம் அவ்வளவு கண்டிப்பு. நன்றிக்கு அடையாளமாக ஒரு நீல வாளியும் கொடுத்தார்கள். அதில், "பாலியல் நோய் ஆய்வில் பங்கேற்ற உங்களுக்கு நன்றி" என்று, சந்தின் அந்தக் கோடியிலிருந்து படிக்கிற அளவு எழுத்தில் போட்டிருந்தது. வாளியிலும் யார் பெயரும் இல்லை.

கடைசியாக மூன்று சீட்டுகள். அவளைப் போன்ற மூன்று பேரை அவளே தேடிக் கொண்டுவர வேண்டும். மூன்று சீட்டும் திரும்பினால்தான் இரண்டாம் சந்திப்பு. இரண்டாம் சந்திப்பில்தான் முடிவு. பிசிறு இரண்டு லாரிக்காரர்களின் மனைவிகளைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். மூன்றாவதாகக் கிடைத்த இஸ்திரிக்காரியின் கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். ஆம்புலன்ஸ் பாலத்தில் சேருமா என்று மையம் ஒரு வாரம் கூட்டம் போட்டு, நோயாளியை ஏற்றிப் போகும்போது சேராது, வெறும் வண்டியாகத் திரும்பும்போது சேரும் என்று முடிவு செய்தது.

அதற்குப் பிறகு நான்கு வாரம் ஒருவரும் வரவில்லை. வயிறு மட்டும் வளர்ந்தது. அதனால்தான் அவள் தானாக வந்தாள்.

கேள்வி மேடம் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, நீங்க இங்கே வரக்கூடாதே!"

"ரிசல்ட்டைக் கொடுத்துட்டீங்கன்னா போயிடறேன்."

"அது இல்லைங்க. எங்க ஆய்வே எளிதில் எட்ட முடியாதவங்களைப் பத்தி. நீங்க இப்படி ஒன்பதேகாலுக்கு வந்து நின்னா, எட்டக்கூடியவங்க ஆயிடுவீங்க. உங்க பேப்பரையே எடுக்க வேண்டியிருக்கும். உங்களோட சேர்த்து நீங்க கூட்டி வந்த மூணு பேரும் போயிடுவாங்க. யோசிச்சுப் பாருங்க, அவங்க பாவம் இல்லையா?"

"நான் என்ன பண்ணணும்?"

"வீட்டுக்குப் போய் எட்டாம இருங்க. நாங்க வந்து எட்டறோம்."

அவள் வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வதாக மேடம் பெரிய மனதோடு வாக்களித்தாள்.

பிசிறு மூன்று நாள் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தே வைத்தாள். ஜீப் வரவில்லை. நாலாம் நாள் மேஸ்திரி ஆள் அனுப்பியதால் வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவில் ஒரு மஞ்சள் காகிதம்: "முதல் முயற்சி. ஆள் இல்லை." அடுத்த வாரம் குழாயடிக்குப் போன கால் மணி நேரத்தில் இரண்டாவது மஞ்சள் காகிதம்.

மறுநாள் காலையிலேயே மையத்துக்கு ஓடினாள். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. முன்சீட்டில் இருந்த கள அதிகாரியின் மடியில் ஒரு அட்டை, அதன் தலைப்பில் 417.

"சார்! சார்! அது நான்தான்! நான் இங்க இருக்கேன்!"

"வழி விடுங்கம்மா. 417-ஐப் பார்க்கப் போறோம். மூணாவது முயற்சி, அவசரம்."

"நான்தான் சார் 417!"

அதிகாரி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "இருக்கலாம்மா. ஆனா வீட்டுல இருந்தாத்தான் 417. இங்க இருந்தா நீங்க யாரோ."

"அப்போ என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. வீட்டு வாசல்ல இறங்கிக்கிறேன்."

"அது எப்படி? நாங்க உங்களை எட்டினதா ஆகாதே, நீங்க எங்களோட வந்ததா ஆயிடும். புள்ளிவிவரம் சாய்ஞ்சிடும்மா."

ஜீப் போயிற்று. பிசிறு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். முதல் பஸ் கிடைத்தது. இரண்டாவது பஸ் கிடைக்கவில்லை. கடைசி ஒன்றரை மைலை நடந்தும் ஓடியும் கடந்து சந்து முனையில் திரும்பியபோது ஜீப் எதிரே வந்துகொண்டிருந்தது. கள அதிகாரி அவளை அடையாளம் கண்டு அன்பாகக் கையசைத்தார். கதவில் மூன்றாவது காகிதம், இது சிவப்பு: "மூன்றாம் முயற்சி. ஆள் இல்லை. தொடர்பு இழந்தவர் என அறிவிக்கப்படுகிறார்."

அன்று அவளுக்கு ஆறு மாதம் முடிந்து நாலு நாள்.

அன்றைக்கே புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ ஒரு சுங்கச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"நர்சம்மாவுக்கு ஒரு சந்தேகம். உனக்கும் ரத்தம் பார்க்கணுமாம்."

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் நல்லாத்தான் இருக்கேன். போன வருஷம் பிறந்தவ மட்டும்தான் நல்லா இல்லாமப் போனா."

போனில் லாரிகளின் ஹாரன் கேட்டது. "வரிசை நகருது, வெச்சிடறேன்" என்றான்.

தொடர்பு இழந்தவள் மறுநாள் மறுபடியும் மையத்துக்குப் போனாள். இம்முறை அவளை ரகசியக் காப்பு அதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவில், இரண்டில் எது எட்டிப் பார்க்குமோ என்பதுபோல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"417-இன் முடிவு இந்த அலமாரியில இருக்கு" என்று இடது பக்கம் காட்டினார். "417 யாருங்கிறது அந்த அலமாரியில இருக்கு. இரண்டையும் ஒரே நேரத்துல திறக்கக் கூடாது. திறந்தா ரகசியம் போச்சு."

"நான்தான் சார் 417. அட்டை இதோ இருக்கு."

அவர் அட்டையைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். "இதுல பேர் இல்லையே."

"நீங்கதானே பேர் போடாம கொடுத்தீங்க."

"ஆமா. ரகசியத்துக்காக."

"அப்போ நான்தான்னு எப்படி நிரூபிக்கிறது?"

"நிரூபிக்க முடியாது. அதுதானம்மா இந்த ஏற்பாட்டோட சிறப்பே! இரண்டு வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்துட்டுப் பாராட்டிட்டுப் போனாங்க." அவர் குரலில் தாய்மை கசிந்தது. "யோசிச்சுப் பாருங்க. உங்க ரகசியம் உங்க பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாம காப்பாத்துறது எல்லா ஆபீசிலயும் நடக்கிறதுதான். உங்களுக்கே தெரியாம காப்பாத்துறது நாங்க மட்டும்தான்."

பிசிறு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், போன தடவை எட்டாம் மாசத்துல போயிடுச்சு. இப்போ ஏழாவது ஆரம்பிச்சிருக்கு. ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை. தலையை ஆட்டினாக்கூடப் போதும்."

அதிகாரி தவறிப்போய்த் தலை ஆடிவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்தபடி, இயக்குநருக்கு விண்ணப்பம் எழுதும்படி சொன்னார்.

விண்ணப்பத்தை அவள் வரி பிசகாமல் எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் பெயர் எழுதக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். எண்ணை எழுதிக் கொடுத்தாள். தொடர்பு இழந்த எண்ணிலிருந்து வரும் கடிதத்தைப் பெற்றுக்கொள்ள வழியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தாள். உடனே ஏற்றுக்கொண்டார்கள். இதற்குள் பதினெட்டு நாள் போயிற்று.

இயக்குநர் நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். ஏழைகளைப் பற்றிப் பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

"உங்க வலி எனக்குப் புரியுதும்மா. உங்களை மாதிரி கைவிடப்பட்டவங்களுக்காகத்தான் இந்தக் கட்டடமே நிக்குது. பன்னிரண்டு ஆராய்ச்சியாளர், நாலு ஜீப், ஒரு குளிர்சாதன அரங்கு, எல்லாம் உங்களுக்காக."

"அப்போ முடிவைச் சொல்லிடுங்கய்யா."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"போய் ஊசி போட்டுக்குவேன்."

"பார்த்தீங்களா!" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "ஊசி போட்டுக்கிட்டா குணமாயிடும். குணமாயிட்டா, ஆறு மாசம் கழிச்சு இரண்டாம் சுற்றுல நாங்க வந்து பார்க்கும்போது நோய் இருக்காது. ஏன் இல்லைன்னு நாங்க எப்படி எழுதறது? சேவை கிடைக்காத சமூகம்னு தலைப்பு வெச்சிருக்கோம். நடுவுல யாராவது சேவை பண்ணிட்டா தலைப்பு என்ன ஆகிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க எங்கெங்கே தண்ணி இல்லைன்னு படம் போடறவங்கம்மா. நீங்க குடத்தைத் தூக்கிட்டு எங்ககிட்டயே வந்து நின்னா எப்படி?"

"குடத்துத் தண்ணி எனக்கு இல்லைய்யா, பிள்ளைக்கு" என்றாள் பிசிறு. சொல்ல நினைத்தது அது இல்லை. ஆனால் வாயில் வந்தது அதுதான்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அந்த வாக்கியத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "இதை எங்க ஆண்டறிக்கையோட அட்டையில போட்டுக்கலாமா? பேர் போடமாட்டோம்."

வெளியே வந்தவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் பிள்ளை அசைகிறதா இல்லையா என்று நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சைப் பிடித்துக் கவனிக்க வேண்டியிருந்தது. இங்கே சப்தம் இருந்தது. கூட்டுகிறவள் அவள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டிவிட்டுப் போனாள். ஒரு நாள் பெஞ்சுக்கு எண் ஒட்ட வந்த ஊழியர் அவள் மீதும் ஒட்டலாமா என்று ஒரு கணம் தயங்கியதை அவள் கவனித்தாள்.

நர்சம்மா சொன்ன முப்பதுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோது, ஆய்வு முடிவை வெளியிடும் விழா வந்தது.

காலை பத்து மணிக்குக் கேள்வி மேடம் பதறியடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடி வந்தாள். மேடையில் 'சமூகத்தின் குரல்' என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார ஏற்பாடு செய்திருந்த பெண் வரவில்லை. ஜீப் அவளைக் கூட்டி வரப் போய், வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க எட்டாத ஆள்தானே?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் மேடம்.

"நீங்கதான் சொல்லணும்."

"இன்னிக்கு ஒரு நாள் ஆமா. வாங்க வாங்க. இரண்டு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான்."

அரங்கு குளிர்ந்தது. பிசிறு எட்டாம் மாத வயிற்றோடு மேடையில் உட்கார்ந்தாள். இயக்குநர் பேசினார். ஆய்வில் சேர்ந்தவர்கள் ஐந்நூறு பேர் என்றார். தொடர்பு இழந்தவர்கள் மட்டும் நானூற்று அறுபது என்றார்.

"இந்த நானூற்று அறுபது பேரும் எங்கே போனாங்க?" இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "எண் 416, காணவில்லை. எண் 417, காணவில்லை. எண் 418, காணவில்லை. மூன்று முறை கதவைத் தட்டினோம். ஏன் இவங்க நம்மகிட்டேருந்து ஓடி ஒளியறாங்க? அதுதான் நம்ம அடுத்த ஐந்து வருட ஆய்வு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு சமூகத்தின் குரலை எழுப்பி ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள்.

"நான்தான் 417" என்றாள் பிசிறு. "நான் காணாமப் போகலை. வாரத்துக்கு இரண்டு நாள் இங்கதான் வெளியில பெஞ்சுல இருக்கேன். எனக்கு நோய் இருக்கா இல்லையான்னு யாராவது சொல்லுங்க. நாள் ஆகுது."

முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியை வாங்கி, "காணாமற்போனவர்கள் எல்லோரின் சார்பாகவும் நம் சகோதரி எவ்வளவு உருக்கமாகப் பேசினார்!" என்றார். அவளுக்கு ஒரு பேனா பரிசளித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அரங்கு காலியாயிற்று. பிசிறு பேனாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். சுவரில் ஆளுயரப் போஸ்டர்கள். ஒன்றில் அவள் பகுதியின் வரைபடம், தெருத்தெருவாக, வீடுவீடாக. அவள் போன பஸ் போகும் தெரு, சட்டைக் கம்பெனி, குழாயடி. கூரைகளின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். கீழே விளக்கம்: "வெள்ளைப் புள்ளி, நோய் இல்லாதவர். சிவப்புப் புள்ளி, நோய் உள்ளவர். பங்கேற்பாளர்களின் ரகசியத்தைக் காக்கும் பொருட்டுப் பெயரும் எண்ணும் நீக்கப்பட்டுள்ளன."

அவள் விரலை வைத்துக் குழாயடியிலிருந்து தன் சந்துக்குள் திரும்பினாள். பன்னிரண்டு வீடு. பதினோரு வீட்டின்மேல் ஒன்றும் இல்லை. கோடி வீட்டுக் கூரைமேல் ஒரு புள்ளி.

சிவப்பு.

மூன்று மாதமாக அவள் பயந்து நடுங்கிய செய்தி அது. இப்போது தெரிந்தபோது பயம் வரவில்லை. இத்தனை நாளில் முதல் முறையாக, அவள் கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னதுபோல இருந்தது. கால் வலித்தது, அவ்வளவுதான். போஸ்டரின் கீழ்மூலையைப் பார்த்தாள். வட்டமாக, நீலத்தில், மையத்தின் முத்திரை.

நாலு மூலையிலும் குத்தியிருந்த பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போஸ்டரைப் பாய்போலச் சுருட்டினாள். தோளில் சாத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.

"என்னம்மா அது?" என்றார் காவலாளி.

"என் ரிசல்ட்."

"இவ்வளவு பெரிசாவா?"

"லேட்டாச்சுல்ல, வளர்ந்துடுச்சு."

அவருக்கு இருந்த உத்தரவு உள்ளே வருகிறவர்களைப் பற்றியது. வெளியே போகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் கண்டக்டர்தான் சண்டை போட்டார். பிசிறு சுருளை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ்ஸிலும் நின்றே வந்தாள்.

நர்சம்மா போஸ்டரை ஆஸ்பத்திரித் தரையில் விரித்து, மண்டியிட்டுப் பார்த்தாள். பிசிறு விரலால் காட்டினாள்.

"இது என் வீடுக்கா. சந்துல ரத்தம் கொடுத்தது நான் ஒருத்திதான். முத்திரை இங்க இருக்கு. இது காகிதம்தானே?"

நர்சம்மா விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். முத்திரையிட்ட காகிதம் என்றிருந்தது. எத்தனை அடிக் காகிதம் என்று இல்லை.

"பதிவேட்டுல ஒட்டணுமே" என்றாள் பிசிறு கவலையோடு.

"ஒட்டணும்னுதான் போட்டிருக்கு. எதை எது மேல ஒட்டணும்னு போடலை." நர்சம்மா பசைக்குப்பியை எடுத்து, பதிவேட்டின் பின்னட்டையில் தாராளமாகத் தடவி, அதைத் தூக்கிப் போஸ்டரின் ஓரத்தில் ஒட்டினாள். பிறகு பிரிட்ஜைத் திறந்தாள்.

ஊசி கனமான ஊசி. மருந்து மெழுகுபோல மெதுவாக இறங்கியது. பிசிறு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். நர்சம்மா விரல்விட்டு நாளை எண்ணினாள்.

"முப்பத்தெட்டு இருக்கு. பிள்ளை அவசரப்படாம இருந்தா தப்பிச்சோம். வாரம் ஒண்ணா இன்னும் இரண்டு ஊசி. உன் வீட்டுக்காரனையும் இழுத்துட்டு வா. இல்லைன்னா போட்டதெல்லாம் வீண்."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதேக்கா?"

"தெரியலை" என்றாள் நர்சம்மா. பொய் சொல்லத் தெரியாதவள். "பிறந்ததும் அதுக்கும் பார்க்கணும்."

அவள் கண் போஸ்டரிலேயே இருந்தது. பிசிறுவும் பார்த்தாள். தரை முழுக்கச் சிவப்பு. எண்ணினார்கள். ஐம்பத்து மூன்று. இந்த ஐம்பத்து மூன்று பேரும் வாளி வாங்கிக்கொண்டு, மூன்று பேரைக் கூட்டிக்கொடுத்து, கதவில் மஞ்சள் காகிதம் பார்த்தவர்கள். ஒருவருக்கும் தெரியாது.

"என்கிட்ட ஒன்பது புட்டி இருக்கு" என்றாள் நர்சம்மா. "எழுதினா இன்னும் வரும், காகிதம்தான் இருக்கே. முதல்ல வயித்துல பிள்ளையோட இருக்கிறவங்க. நீ அந்தப் பக்கத்து ஆள்தானே. இது யார் வீடு?"

"தண்ணித் தொட்டி பக்கத்துல... பேப்பர் பொறுக்குறவர் வீடு. அவருக்கு யாரும் இல்லை."

"இது?"

"சமையல் வேலைக்குப் போறாங்களே, அவங்க மருமக. அஞ்சு மாசம்."

"இது?"

பிசிறு விரலைச் சற்று நேரம் அந்தக் கூரைமேலேயே வைத்திருந்தாள். "காஜா எடுக்கிற பொண்ணு. கம்பெனியில எனக்கு எதிர் மேசை. சட்டைக்குப் பொத்தான் துளை போடறவ. அவளும் மாசமாத்தான் இருக்கா. ஒரு மாசமா வேலைக்கு வரலை."

"போய்க் கூட்டிட்டு வா. வாசல்ல நின்னு நோய் பேரைச் சொல்லாதே. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தைக் கதவைச் சாத்திட்டு நான் சொல்லிக்கிறேன்."

ரகசியம் காப்பதற்கு அலமாரி தேவையில்லை என்பது பிசிறுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நொண்டிக்கொண்டே போனாள். இரண்டு தெரு தாண்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தக் கதவைத் தட்டினாள். முதல் தட்டிலேயே திறந்தது. ஆள் இருந்தாள்.

"அடியே பிசிறு! என்ன இந்த வெயில்ல? உள்ள வா, உட்காரு."

"உட்கார நேரமில்லைடி. நர்சம்மா உன்னைக் கூப்பிடறாங்க. ஒரு ஊசி. போட்டுட்டு வந்துடலாம்."

"என்ன ஊசி? எல்லா ஊசியும் போட்டாச்சே." காஜாக்காரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அவள் வயிறு பிசிறுவின் வயிற்றைவிட இறங்கியிருந்தது. "இனிமே என்ன ஊசி, அடுத்த புதன்கிழமை தேதி கொடுத்துட்டாங்க."

பிசிறு விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. ஆறு நாள்.

அவள் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். காஜாக்காரியின் சிரிப்பு மெல்ல நின்றது.

"என்னடி? ஏன் அப்படிப் பார்க்கிறே? ஏதாவது இருந்தா சொல்லு."

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. முப்பது என்கிற எண் இருந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சு இருந்தது. ஆறு நாளில் எவ்வளவு முடியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"செருப்பைப் போடு" என்றாள் பிசிறு. காஜாக்காரி குனிய முடியாமல் தடுமாறியதைப் பார்த்துத் தானே குனிந்து, தன் வயிறு முட்ட, அந்தச் செருப்பைத் திருப்பி அவள் காலடியில் வைத்தாள். "ஆட்டோ பிடிச்சுக்கலாம். வழியில சொல்றேன். வா."